குடும்பத்தில் 5 பேர்: கப்பலில் ஒரே அறையா, இரண்டு அறையா?

பொங்கோல்வாசி (கேள்வி)

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து 4 இரவுக் கப்பல் பயணம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புவது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல். நான், என் கணவர், மகள் (14), மகன்கள் (10, 5).

இணையத்தில் ஒரே அறைக்கு 5 பேர் என்று போட்டால் சூட் (suite, பெரிய சொகுசு அறை) மட்டும்தான் காட்டுகிறது. சில தேதிகளுக்கு அதுவும் இல்லை. 4 பேர் என்று போட்டால் அறைகள் வருகின்றன. சின்னவன் எப்படியும் எங்கள் நடுவில்தான் படுப்பான். 4 பேர் அறை எடுத்துவிட்டு, கூடுதலாக அவனுக்கும் டிக்கெட் கட்டிச் சேர்த்துக்கொள்ள முடியாதா? முடியாதென்றால், இரண்டு அறை எடுக்கும்போது யாரை எந்த அறையில் பதிவு செய்வது? பிள்ளைகள் மட்டும் ஓர் அறையில் இருக்க விடுவார்களா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

கடலோடி

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. கட்டில் பற்றாக்குறை என்பதால் மட்டுமல்ல. கப்பலில் ஒவ்வோர் அறையும் ஓர் அவசரக் கூடுமிடத்தோடும், அந்தக் கூடுமிடம் குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுகளோடும் இணைக்கப்பட்டிருக்கும். படகில் எத்தனை இருக்கையோ அத்தனை பேரைத்தான் அந்தப் பகுதி அறைகளில் ஏற்றலாம். அம்மா மடியில் படுக்கும் கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். அதனால் "இடித்துப் பிடித்துப் படுத்துக்கொள்கிறோம்" என்பது ஹோட்டலில் செல்லும், கப்பலில் செல்லாது.

இன்னொரு குழப்பமும் இதிலிருந்தே வருகிறது. 4 கட்டில் உள்ள அறை காலியாக இருந்தும், 4 பேர் என்று தேடினால் காட்டாது; 2 பேர் என்று தேடினால் அதே அறையைக் காட்டும். அந்தக் கூடுமிடத்தின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் மூன்றாவது, நான்காவது கட்டில்களை நிறுவனம் மூடிவிடும். விடுமுறைக் காலத்தில் குடும்பங்கள் அதிகம், ஆகவே இந்தக் கட்டில்கள்தான் முதலில் தீரும். டிசம்பர் பயணத்துக்குத் தாமதிக்காதீர்கள்.

அறையின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். குவாண்டம் வகையில் ஜன்னல் இல்லாத உள்ளறை ஏறத்தாழ 166 சதுர அடி. பால்கனி அறை 198 சதுர அடி, பால்கனி தனியாக 55. இதற்குள்தான் குளியலறை, அலமாரி, மேசை எல்லாம். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்தால் பெரிய கட்டில். மூன்றாமவருக்கு சோஃபா படுக்கை, அல்லது சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல் படுக்கை. நான்காமவருக்கு இன்னொரு மேல் படுக்கை. நான்கு பேர் படுத்த பிறகு ராத்திரியில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சோஃபா படுக்கையைச் சுற்றி இடம் தேடிக் கால் வைக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு 3+2 என்று இரண்டு அறைதான் சரி. 4+1 எடுக்காதீர்கள். அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையே கேட்பார்கள்.

---

தஞ்சோங்_பகார்_தம்பி

அக்கா, கடலோடி அண்ணன் சொன்னது சரி. விலையையும் பார்த்துடுங்க. கணக்குப் புரியறதுக்காக ஒரு கற்பனை விலை வச்சுக்குவோம்.

உள்ளறையில முதல் ரெண்டு பேருக்கு ஆளுக்கு 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூணாவது ஆளுக்கு 300. அப்போ 3 பேர் அறை 1,500, 2 பேர் அறை 1,200, மொத்தம் 2,700. சூட்ல முதல் ரெண்டு பேருக்கு ஆளுக்கு 1,000, மத்த மூணு பேருக்கு ஆளுக்கு 400ன்னா 3,200. ஒரே அறைதானே, மலிவா இருக்கும்னு நினைச்சுத் தேடுறவங்க இங்கதான் ஏமாந்து போறாங்க. ரெண்டு உள்ளறை பல நேரம் ஒரு சூட்டைவிடக் குறைவு. ரெண்டு கழிவறை கிடைக்குது, அதுதான் பெரிய லாபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிளம்புற நேரத்துல 5 பேருக்கு ஒரு குளியலறைன்னா ஒரு மணி நேரம் போயிடும்.

துறைமுக வரி தலைக்குத்தான், எந்த அறையா இருந்தாலும் மாறாது. தினசரி டிப்ஸும் தலைக்குத்தான், பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனா பெரிய சூட் வகைகளுக்கு அந்த டிப்ஸ் கூடுதல். முன்பதிவுத் திரையில முதல்ல தெரியற தொகையில டிப்ஸ் சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு ஒப்பிடுங்க.

குடும்பத்துக்குன்னே குவாண்டம் வகையில ஒரு இணைப்பு அறைத் தொகுதி இருக்கு. ஒரு ஜூனியர் சூட், ஒரு பால்கனி அறை, ஒரு சின்ன உள்ளறை, மூணுக்கும் சேர்த்து வாசல்ல ஒரு பொதுக் கதவு. 10 பேர் வரைக்கும் தங்கலாம். தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம்னு சேர்ந்து போனா அருமையான ஏற்பாடு. 5 பேருக்கு அது வேண்டாத செலவு.

---

நங்கூரம்

யாரை எங்கே பதிவு செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். பொதுவாக ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும். இந்த நிறுவனத்தில் அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு அந்தப் பெரியவருக்கு 21 வயது, ஆசியாவிலிருந்து புறப்பட்டால் 18. பெற்றோர் அடுத்த அறையில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தனி அறை தருவதும் உண்டு, ஆனால் இணையத்தில் பதிவு செய்யும்போது அந்த வழி திறக்காது, முகவர் வழியாகவோ தொலைபேசியிலோதான் கேட்க வேண்டும்.

எளிய வழி: ஓர் அறையில் நீங்கள், மகள், சின்னவன். இன்னொன்றில் கணவரும் 10 வயது மகனும். கப்பல் ஏறிய பிறகு யார் எங்கே படுப்பது என்பது உங்கள் விருப்பம். விருந்தினர் சேவை மேசையில் கேட்டால் அடுத்த அறைக்கும் சாவி அட்டை அடித்துத் தருவார்கள். அந்த அட்டை கதவைத் திறக்கும், அவ்வளவுதான். கடையில் செலவு செய்ய அவரவர் சொந்த அட்டை வேண்டும்.

படுக்கையை மாற்றிக்கொண்டாலும் கூடுமிடம் மாறாது. அவரவர் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிட எழுத்தும் எண்ணும் பதிவு செய்த அறையைப் பொறுத்தவை. பக்கத்துப் பக்கத்து அறைகள் என்றால் பெரும்பாலும் ஒரே கூடுமிடம்தான். ஓர் அறை முன்பக்கமும் இன்னொன்று பின்பக்கமுமாக அமைந்துவிட்டால், அவசரக் காலத்தில் அம்மா ஓரிடம், அப்பா ஓரிடம் என்று பிரிந்து நிற்க வேண்டிவரும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அறைகளைப் பக்கத்தில் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆகவே "கேரண்டி" அறை வேண்டவே வேண்டாம். விலை குறைவு, ஆனால் அறை எண்ணை நிறுவனம்தான் பிறகு முடிவு செய்யும். இரண்டு கேரண்டி அறை எடுத்தால் 6ஆம் தளத்தில் ஒன்று, 12ஆம் தளத்தில் ஒன்று என்று வரலாம். முன்பதிவு எண்கள் இரண்டையும் "சேர்ந்து பயணிப்பவர்கள்" என்று இணைத்தால் சாப்பாட்டு மேசைதான் ஒன்றாகும், அறைகள் பக்கத்தில் வரும் என்று அர்த்தமில்லை.

---

பொங்கோல்வாசி

மிக்க நன்றி. ஒரே அறை எண்ணத்தை விட்டுவிட்டோம். இப்போது மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன: நடுவில் கதவுள்ள இரண்டு உள்ளறைகள், நடுக்கதவுள்ள இரண்டு பால்கனி அறைகள், அல்லது ஒரு பால்கனி அறையும், நடைபாதைக்கு எதிரே ஓர் உள்ளறையும். மூன்றாவது வழி விலையில் நடுத்தரமாக இருக்கிறது. 5 வயதுப் பிள்ளையோடு எது நல்லது?

---

கடலோடி

எதிரெதிர் அறை என்பது பிள்ளைகள் 12, 15 என்று வளர்ந்த வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரு பால்கனி, பெரியவர்களுக்கு இருட்டான தூக்க அறை, செலவும் கட்டுக்குள். 5 வயதுக்கு நான் யோசிப்பேன். கப்பல் அறைக் கதவு உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தினாலே திறக்கும். தீ விபத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. ராத்திரி அம்மாவைத் தேடி எழுந்த பிள்ளை நடைபாதைக்கு வந்துவிட்டால், பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான கதவுகள் ஒரே மாதிரி இருக்கும் நடைபாதை அது. நடுக்கதவுள்ள அறைகள் என்றால் அந்தப் பயம் இல்லை. சின்னவன் எப்போதும் உங்கள் அறையில்தான் என்றால் மட்டும் எதிரெதிர் அறை சரிவரும்.

நடுக்கதவு அறைகள் கப்பலில் குறைவு. தள வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். அடுத்தடுத்த எண் என்பதாலேயே பக்கத்து அறை என்று எண்ணிவிடாதீர்கள். பல கப்பல்களில் ஒரு பக்கம் இரட்டைப்படை, மறுபக்கம் ஒற்றைப்படை. வரைபடத்தில் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்து அறை வேறு, நடுக்கதவு அறை வேறு. முகவரிடம் பேசும்போது "பக்கத்தில்" என்று சொல்லாமல் "கனெக்டிங்" என்றே கேளுங்கள், எண்ணையும் சொல்லுங்கள்.

தேடும் வரிசையும் முக்கியம். 3 பேர் அறையை முதலில் தேடுங்கள், மூன்றாவது கட்டில் திறந்திருக்கும் அறைகளே குறைவு. அதில் நடுக்கதவுக் குறி உள்ளதைப் பிடித்து, அதன் ஜோடி அறை 2 பேருக்குக் காலியா என்று பாருங்கள். மாற்றிச் செய்தால் 2 பேர் அறை கிடைத்து, அதன் ஜோடியில் மூன்றாவது கட்டில் இல்லாமல் போகும். சில கப்பல்களில் சோஃபா இருக்க வேண்டிய சுவரில்தான் நடுக்கதவு வருகிறது. அங்கே மூன்றாமவருக்கு மேல் படுக்கை மட்டும்தான். உங்கள் வீட்டில் மேல் படுக்கைக்குப் போகத் தகுந்தவர்கள் 14, 10 வயதுப் பிள்ளைகள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது, தடுப்புக் கம்பி இருந்தாலும்.

ஏறியவுடன் அறைப் பணியாளரிடம் நடுக்கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அது பூட்டித்தான் இருக்கும், உங்கள் அட்டையால் திறக்காது.

---

தஞ்சோங்_பகார்_தம்பி

பால்கனியா உள்ளறையான்னா, குவாண்டம் வகை உள்ளறைகள்ல "விர்ச்சுவல் பால்கனி" உண்டு. தரையிலேருந்து மேல் வரைக்கும் 80 அங்குலத் திரை, வெளியே இருக்கற கேமரா காட்டுற கடலை அப்படியே நேரலையா காட்டும். வேண்டாம்னா அணைச்சிடலாம். அணைச்சா அறை கும்மிருட்டு. மத்தியானம் தூங்குற பிள்ளைக்கு அதைவிட நல்ல அறை கிடையாது. 4 ராத்திரியில ரெண்டு நாள் கரையில போயிடும். பால்கனிக்குக் குடுக்கற காசுக்கு எத்தனை மணி நேரம் அங்க உட்காருவீங்கன்னு பாருங்க. என் கருத்து, நடுக்கதவுள்ள ரெண்டு உள்ளறை.

---

நங்கூரம்

தம்பியோடு இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பெற்றோர் உட்கார ஓர் இடம் வேண்டும். உள்ளறையில் 8 மணிக்குச் சின்னவன் தூங்கிவிட்டால் மற்றவர்களும் இருட்டில் படுக்க வேண்டியதுதான். பால்கனி இருந்தால் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு வெளியே பேசலாம், பிள்ளையும் கண்ணெதிரே இருப்பான். இரண்டு அறையும் நடுக்கதவோடு இருந்தால் அந்தத் தேவை குறையும், உண்மைதான், ஏனென்றால் அடுத்த அறை இருக்கிறது. பணம் இடிக்கிறது என்றால் உள்ளறைகளுக்கே போங்கள்.

பால்கனி எடுத்தால் சில விஷயங்கள். நாற்காலி, சிறு மேசை இரண்டையும் கம்பியிலிருந்து தள்ளிச் சுவரோரம் வையுங்கள், பிள்ளை ஏறி நிற்கும் உயரம் அதுதான். தாழ்ப்பாள் வழக்கமாகப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், ஏறின நாளே போட்டுப் பாருங்கள். இரண்டு பால்கனிகளுக்கு நடுவே உள்ள தடுப்பைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் எல்லாத் தடுப்பும் திறக்காது. கப்பலின் கட்டமைப்போடு சேர்ந்த கனமான சுவர் சில இடங்களில் இருக்கும், அதை யாராலும் திறக்க முடியாது.

எந்தத் தளம் என்பதையும் பாருங்கள். மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாகத் தேர்ந்தெடுங்கள். குவாண்டம் வகையில் நீச்சல் குளம் 14ஆம் தளத்தில். அதற்கு நேர் கீழே 13இல் எடுத்தால் காலை விடியும் முன் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். பின்பக்கம் 5, 6 தளங்களில் பெரிய நிகழ்ச்சி அரங்கு, அதற்கு மேலேயும் வேண்டாம். 8 முதல் 10 வரை, நடுப்பகுதி, மின்தூக்கிக் கூடத்திலிருந்து நாலைந்து அறை தள்ளி. மின்தூக்கிக்கு ஒட்டினாற்போல் எடுத்தால் நள்ளிரவு வரை பேச்சுக் குரல். ரொம்பத் தள்ளினால் 348 மீட்டர் நீளக் கப்பலில் 5 வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவான்.

ஆட்டம் பற்றிப் பயப்பட வேண்டாம். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது, புக்கெட் பக்கத்துக் கடலும் டிசம்பரில் அமைதியாகவே இருக்கும். அந்தமான் கடல் அலையடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில். டிசம்பர், ஜனவரியில் ஆட்டம் அதிகம் இருப்பது தென்சீனக் கடலில், அதாவது வியட்நாம் போகும் வழியில்.

---

மயிலை_மாலுமி

இந்த இழையைச் சென்னையிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு சேர்க்கை. இந்தியக் கப்பல் நிறுவனமான கார்டிலியாவின் எம்பிரஸ் கப்பல் 1990இல் கட்டியது. மேலே சொன்ன 166, 198 சதுர அடியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். சாதாரண அறைகள் இதைவிடச் சிறியவை. நான்கு பேர் என்றால் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று ரயில் பெட்டிபோல் படுக்க வேண்டும். அங்கேயும் 5 பேருக்கு இரண்டு அறை என்றே திட்டமிடுங்கள், முதியவர் பெயரில் மேல் படுக்கை விழாதபடி பாருங்கள்.

ஒரே அறையில் 5 பேர் என்று உண்மையாகவே வடிவமைத்த அறைகளும் உண்டு. டிஸ்னி ட்ரீம், டிஸ்னி ஃபேன்டசி கப்பல்களில் பால்கனியோடு சேர்த்து 299 சதுர அடிக் குடும்ப அறை இருக்கிறது. அதில் சில அறைகளில் 5 பேர் தங்கலாம். கழிவறை ஒரு பக்கம், குளியலறை ஒரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள், இரண்டிலும் கை கழுவும் தொட்டி. ராயல் கரீபியனிலும் பழைய வாயேஜர், ஃப்ரீடம் வகைகளில் 6 பேருக்கான கடல் பார்த்த குடும்ப அறை உண்டு. ஆனால் அவை கப்பலின் முன்முனையில் இருப்பவை. அலை இருந்தால் முதலில் தூக்கிப் போடுவது அங்கேதான்.

---

பொங்கோல்வாசி

9ஆம் தளத்தில் நடுக்கதவுள்ள இரண்டு உள்ளறைகள் முகவர் மூலம் பிடித்துவிட்டோம். 3 பேர் அறையில் ஒரு மேல் படுக்கை, 2 பேர் அறையில் சேர்த்துப் போட்ட பெரிய கட்டில். மகளும் 10 வயது மகனும் ஒரே கட்டிலில் படுக்க மாட்டார்கள். என்ன செய்வது? வேறு ஏதாவது கொண்டு போக வேண்டுமா?

---

கடலோடி

பெரிய கட்டில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்தான், பிரித்துப் போடச் சொல்லலாம். இப்போதே முகவர் வழியாக முன்பதிவில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். குறிப்பு போகாமல் விட்டுப்போவதும் நடக்கும். ஏறின நாள் மதியமே பணியாளரைப் பார்த்து நேரில் சொல்லுங்கள். ராத்திரி பெட்டிகள் எல்லாம் வந்து அறை நிறைந்த பிறகு கட்டிலை நகர்த்துவது சிரமம். 3 பேர் அறையில் உங்களுக்கும் கணவருக்கும் நடுவில் சின்னவன் படுத்துக்கொண்டால் மேல் படுக்கையை மடித்தே வைக்கச் சொல்லலாம், தலை இடிக்காது. காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.

கொண்டு போக: அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி நாலைந்து ஒட்டினால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் தரையில் கிடக்காது. மின்சாரத்துக்கு அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான். நம் ஊர் மூன்று முள் செருகிக்கு மாற்றி வேண்டும். பல துளை கொண்ட நீட்டிப்புக் கம்பி கொண்டு போனால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நீட்டிப்புக் கம்பி இல்லாமல் நேராகச் செருகும் யுஎஸ்பி சார்ஜர், நாலு துளை உள்ளது, அறைக்கு ஒன்று போதும். சாதாரண அறைகளில் குளியல் தொட்டி கிடையாது, ஷவர் மட்டும்தான். சின்னவனைக் குளிப்பாட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நங்கூரம்

ஒன்று விட்டுப்போயிற்று. யாராவது ஒருவர் வர முடியாமல் போனால் முகவரைக் கேட்காமல் அந்த ஒரு பெயரை மட்டும் ரத்து செய்யாதீர்கள். 2 பேர் அறையில் ஒருவர் விலகினால் மீதி இருப்பவர் தனி ஆள் கட்டணத்துக்குப் போய்விடுவார். அப்போது 3 பேர் அறையிலிருந்து ஒருவரை அங்கே மாற்றி 2+2 ஆக்கச் சொல்லுங்கள். அல்லது நான்கு பேரும் ஒரே அறைக்குப் போக முடியுமா, அந்தப் பகுதியில் நான்காவது கட்டில் இன்னும் திறந்திருக்கிறதா என்று விலையோடு கேளுங்கள்.